கோமதிக்குத் திரும்பிய தெரு

ஆவுடையப்பன் மகள் சங்கரகோமதி முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய காலையில், ஊரில் உள்ள எல்லாக் கோயில் திருநீறும் நெற்றியிலும், சான்றிதழ் ஃபைல் கையிலும், அம்மா ஊட்டிய தயிரும் சர்க்கரையும் வயிற்றிலுமாக அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, ஊர் உண்டான நாளிலிருந்து நேராகவே கிடந்த எங்கள் கீழரத வீதி, பாத்திரக்கடைக்கு முன்னால் இடப்பக்கமாகத் திரும்பி, அவளைக் கொண்டுபோய் அரசு ஆஸ்பத்திரியின் பின்புறம் பிணவறை வாசலில் விட்டுவிட்டு, மறுபடியும் நேராகப் படுத்துக்கொண்டது.

தெரு திரும்பியதற்காக எங்கள் நெடுங்கரையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் வெளியே தொங்கிய குடங்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்து யாரையோ வைதார். பால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, தெரு திரும்பி முடிக்கும்வரை காத்திருந்து, ஏறி மிதித்துப் போனார். ஊர் ஆச்சரியப்பட்டதெல்லாம் வேறு விஷயத்துக்கு. ஆவுடையப்பன் மகள் இன்டர்வியூவுக்குப் போகவில்லையாமே என்று அன்று முழுக்க டீக்கடையில் அதே பேச்சு.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே குளம் தூர்ந்துபோனால் யாருக்கும் கவலையில்லை, பள்ளிக்கூடத்துச் சுவர் சாய்ந்தால் யாருக்கும் கவலையில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பரீட்சையில் எத்தனை மார்க்கில் தவறியது என்று கேட்டால் கறிக்கடைக்காரர்கூடக் கத்தியை வைத்துவிட்டு விவரம் சொல்வார். அரசாங்க உத்தியோகம் எங்களுக்கு மோட்சம். மோட்சத்துக்குப் போய் அங்கே என்ன செய்வது என்று எந்தப் பக்தனும் கேட்பதில்லை அல்லவா, அதைப்போல உத்தியோகத்துக்குப் போய் என்ன செய்வது என்று நாங்களும் கேட்டதில்லை. நாற்காலி கிடைத்தால் போதும், மிச்சத்தை நாற்காலி பார்த்துக்கொள்ளும் என்பது ஊரின் நம்பிக்கை.

ஆவுடையப்பன் தாலுகா ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அந்த உயிரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கோமதி கணக்கில் பட்டமேற்படிப்பு முடித்த கையோடு அவளை வெற்றிப்படி பயிற்சி மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை நடத்திய லெட்சுமணப்பெருமாள் தன் வாழ்நாளில் ஒரு பரீட்சையிலும் தேறாதவர். தான் ஏறாத படிக்கட்டை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கைகாட்டியே மாடி வீடு கட்டிவிட்டார்.

இரண்டாவது நேர்முகத் தேர்வுக்கும் தெரு திரும்பியது. மூன்றாவதற்கு ஆட்டோவில் அனுப்பினார்கள். ஆட்டோவும் பிணவறை வாசலில்தான் போய் நின்றது, ஓட்டுநர் அங்கேயே ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு திரும்பிவந்தார். ஜோசியர் சொன்னார் என்று வீட்டு வாசலை அடைத்துக் கொல்லைப்பக்கம் கதவு வைத்தார்கள், கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனார்கள், பின்னோக்கி நடக்கவைத்தார்கள், கடைசியில் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் அத்தனை பயணிகளோடும் ஒரு கல்யாண கோஷ்டியோடும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் மூச்சுவாங்கி நின்றது. அதற்குப்பிறகு எங்கள் ஊர்க் கண்டக்டர்கள் விசில் கொடுப்பதற்குமுன், "கோமதி ஏறிருக்காளா பாருங்க" என்று ஒரு குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போகப் பிடிக்காத மாப்பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சதூரம் நடந்தார்கள். வழி தப்பிவிட்டது, என்ன செய்யச் சொல்கிறாய் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாமே. ஒரு மாயம் கண்ணெதிரே நடந்தால் அதை எப்படிச் சில்லறை உபயோகத்துக்கு மாற்றுவது என்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது.

கோமதி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பிணவறைக்கு முன்னால் ஒரு வாகைமரம், மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. தெரு கொண்டுபோய் விட்ட ஒவ்வொரு தடவையும் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கூடவே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். போலீஸ் வரவேண்டும், டாக்டர் வரவேண்டும், வண்டி வரவேண்டும் என்று, எது முதலில் வரும் எது பிறகு வரும் என்று தெரியாமல், நீலத் தகரக் கதவையே பார்த்துக்கொண்டு. முதலில் அவள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பிறகு உள்ளே என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று பிணவறை ஊழியர் சவரிமுத்துவிடம் கேட்டுவந்து சொன்னாள்.

ஒரு மத்தியானம் பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருத்தி வந்திருந்தாள். மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தாள். அந்த அம்மாள் அழவில்லை. கதவைத் தட்டி, வெளியே வந்த சவரிமுத்துவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஐயா, எம்மவ தலைவிரியாக் கிடப்பாளே. யாராச்சும் கொஞ்சம் வாரிவிடுவியளா?"

"அதுக்கெல்லாம் இங்க ஆள் கிடையாதும்மா" என்றார் சவரிமுத்து. அவர் கெட்டவர் இல்லை, ஒற்றை ஆளாக அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

கோமதி கைப்பையைத் திறந்தாள். நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையுமுன் தலைவாரிக்கொள்ளச் சொல்லி அம்மா போட்டுவிட்ட சீப்பு அதில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் கேட்டாள்.

"வகிடு நடுவுலயா எடுப்பா, ஓரமாவா?"

"நடுவுலதான் தாயி. ரெட்டைச் சடை போட்டா அவளுக்குப் பிடிக்காது."

கோமதி உள்ளே போய் முகத்தைத் துடைத்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த முடியைத் தண்ணீர் தொட்டுத்தொட்டுப் பிரித்து, நடுவகிடு எடுத்து ஒற்றைச் சடை பின்னினாள். அந்த அம்மாள் வந்து பார்த்தாள், சடையை நுனிவரைக்கும் தடவினாள், அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அன்று கோமதி வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரீட்சை எழுத ஆரம்பித்ததிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டதில்லை என்று அவள் அம்மா சண்முகவடிவு மட்டும் கவனித்தாள்.

மறுநாளிலிருந்து அவள் தானாகவே போனாள். வகிடு எந்தப் பக்கம், மீசையை எப்படி வைத்திருப்பார், பொட்டு சின்னதா பெரியதா என்று பெஞ்சில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் அவர்களுக்குச் சொல்வதற்கு ஏதோ கிடைத்துவிடும். எண்ணெயே வைக்கமாட்டாள், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டாள் என்று ஆரம்பித்துப் பேசுவார்கள், சிலர் சிரிக்கக்கூடச் செய்வார்கள். பிறகு உள்ளே போய், அவர்கள் சொன்னபடியே அந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருவாள். கணக்கில் இத்தனை வருஷம் தேடியும் கிடைக்காத ஏதோ ஒன்று அவளுக்கு அங்கே கிடைத்துவிட்டது. அவள் நடையே மாறிப்போனது.

எங்கள் ஊரா சும்மா இருக்கும்? அவள் எதிரே வந்தால் பெண்கள் குடத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றினார்கள். கல்யாணப் பத்திரிகை ஆவுடையப்பன் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் விழுந்தது. ஆனால் தங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அதே பெண்கள் கொல்லைப்பக்கமாக வந்து, "ஏளா கோமதி, எங்க மாமியா வாய் திறந்து கிடக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போளா" என்பார்கள். அவள் போய், வாய் மூட நாடிக்கட்டுக் கட்டி, முகம் திருத்திவிட்டு வருவாள். பதினாறாம் நாள் விருந்துக்கு அவளைத் தவிர எல்லோருக்கும் இலை போடுவார்கள். வெட்கம் என்பது எங்கள் ஊருக்கு வரும் வழியில் எங்கேயோ திரும்பிப் போய்விட்டது போலிருக்கிறது.

அவளைக் கவனித்துக்கொண்டே வந்த ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "பிணவறையில உதவியாளர் இடம் ஒண்ணு காலியா இருக்கும்மா. கேக்குறதுக்கு ஆளே இல்ல. வார வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேந்தா எடுத்துக்கலாம்."

அதே வெள்ளிக்கிழமைதான் கலெக்டர் ஆபீசில் அவளுடைய கடைசி நேர்முகத் தேர்வு. வயது வரம்பு அதோடு முடிகிறது. கோமதி வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அப்பா, எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவே இல்லை. "பிடிச்சிருக்கா? வேலைய யாராவது பிடிச்சிருக்குன்னு பாப்பாங்களா? நான் முப்பது வருசம் முத்திர குத்தினேனே, பிடிச்சா குத்தினேன்?"

"உங்களுக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்பா. அதனாலதான் சொல்லுதேன்."

"பொணத்துக்குத் தல சீவப் போறவளுக்கு இந்த வீட்டுல இல கிடையாது" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சாப்பிடாமல் எழுந்துபோனார். கோமதிக்கு அப்பா என்றால் உயிர். அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். வீட்டை விடுவதா, அந்த நீலக் கதவை விடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் லெட்சுமணப்பெருமாள் தன் மூளையோடு வந்து சேர்ந்தார். "அண்ணாச்சி, இது எதிர்மறைக் கேள்வி மாதிரி. தெரு என்ன செய்யுது? நாம போற இடத்துக்கு விடாம வேற இடத்துக்கு விடுது. அப்ப நாம பொணவறைக்குக் கிளம்புவோம். அது நம்மள வேற எங்க கொண்டுபோய் விடும்? கலெக்டர் ஆபீசுலதான!"

ஊர் கைதட்டியது. அவள் தினமும் தானாகப் பிணவறைக்கு நடந்து போகும்போது தெரு ஆடாமல் அசையாமல் கிடந்ததை ஒருவராவது பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் மும்முரமாக இருந்தது. பார்க்காத விஷயத்தைப் பற்றி எங்களுக்கு இருக்கும் உறுதி, பார்த்த விஷயத்தைப் பற்றி இருந்ததே இல்லை.

கோமதி ஒப்புக்கொண்டாள். "நீங்க சொல்லுத மாதிரியே நடந்து வாரேன்பா. ஆனா தெரு எங்க கொண்டு விடுதோ அதுக்கு நீங்களும் கட்டுப்படணும்."

"சரி" என்றார் ஆவுடையப்பன். லெட்சுமணப்பெருமாள் அவர் பின்னால் நின்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில், தெரு நம்பவேண்டும் என்பதற்காகச் சாவு ஊர்வலம்போல முறையாகவே கிளம்பினார்கள். சங்கு ஊத ஆள் வந்து, "யாரு தவறிட்டா?" என்று கேட்டார். யாரும் தவறவில்லை, இன்டர்வியூ என்றார்கள். அவர் எத்தனையோ பார்த்தவர், மேற்கொண்டு கேட்காமல் சங்கைத் துடைத்து ஊத ஆரம்பித்தார். முன்னால் சங்கும் சேகண்டியும், நடுவில் பட்டுச்சேலையும் ஃபைலுமாகக் கோமதி, பின்னால் ஆவுடையப்பனும் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும், பக்கத்தில் மாதிரி வினாத்தாளோடு லெட்சுமணப்பெருமாள், சங்கு ஓயும் இடைவெளியிலெல்லாம் நாட்டிலேயே நீளமான அணை எது, முதல் பெண் நீதிபதி யார் என்று கேட்டுக்கொண்டும். அவளும் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

முச்சந்தியில் ஒரு சிக்கல் வந்தது. சாவுக்குப் போகும் பெண்கள் முச்சந்தியோடு நின்று திரும்பிவிடவேண்டும், அதற்குமேல் ஆண்கள்தான் போகலாம் என்பது எங்கள் வழக்கம். சண்முகவடிவும் மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "அப்ப கோமதியும் பொம்பளதான, அவளும் நிக்கணும்லா?" சங்கை நிறுத்திவைத்து அரைமணி நேரம் வழக்காடினார்கள். கடைசியில், போகிறவர் ஆணா பெண்ணா என்று முறை பார்ப்பதில்லை, கூடப் போகிறவர்களுக்குத்தான் முறை என்று தீர்ப்பாகி ஊர்வலம் நகர்ந்தது. உயிரோடு இருக்கும் பெண்ணைப் போகிறவர் கணக்கில் சேர்த்த பிறகு எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. சண்முகவடிவு மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பாத்திரக்கடை வந்தது. எல்லோரும் தயாராகப் பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள். குடங்கள் ஆடவில்லை. தெரு திரும்பவில்லை. லெட்சுமணப்பெருமாள் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். தெரு கிடந்தபடியே கிடந்தது. ஊர்வலம் முனைவரை போய், சந்தில் நுழைந்து, ஆஸ்பத்திரிச் சுவரைச் சுற்றி, சங்கொலியோடு நேராகப் பிணவறை வாசலை அடைந்தது.

"இது கலெக்டர் ஆபீசு மாதிரித் தெரியலயே" என்றார் ஒருவர்.

அதற்குள் சவரிமுத்து கதவைத் திறந்து, "நல்லதாப்போச்சு, இத்தன ஆம்பளைங்க வந்துருக்கிய. வண்டி நிக்கி. தூக்க ஆள் வேணும், கொஞ்சம் இருங்க" என்றார்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அப்போதுதான் எத்தனை அவசர வேலைகள் ஞாபகத்துக்கு வந்தன! ஒருவர் அடுப்பில் பால் வைத்திருந்தார், ஒருவருக்கு முழங்கால் வலித்தது, லெட்சுமணப்பெருமாளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சங்கு ஊதுபவருக்கு மேலத்தெருவில் நிஜமாகவே ஒரு சாவு இருந்தது, அவரை விட்டுவிடலாம். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிக்க ஓடினார்கள். ஆவுடையப்பன் மட்டும் நின்றார். கட்டுப்படுகிறேன் என்று சொல்லிவிட்டதால் நின்றாரா, கால் வரவில்லையா என்று அவருக்கே தெரியாது.

வாகைமரத்தடிப் பெஞ்சில் ஒரு வயதான மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த மகனுக்காக வந்தவர். கோமதி ஃபைலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையைச் சொருகிக்கொண்டு அவர் முன்னால் குனிந்தாள்.

"ஐயா, உங்க மவன் மீசைய எப்படி வச்சிருப்பாரு?"

"லேசா முறுக்கிவிட்டிருப்பான் தாயி" என்றார் அவர், தன் வெறும் உதட்டின்மேல் விரலால் காட்டி. அவள் உள்ளே போனாள்.

ஆவுடையப்பன் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கழித்து அந்தப் பெரியவர் கேட்டார்.

"சங்குச் சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு யாரு?"

ஆவுடையப்பன் யோசிக்காமல், "மவ" என்றார்.

பெரியவர் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"கலியாணம் ஆச்சா?"

"இல்ல."

"ஐயோ" என்றார் அந்தப் பெரியவர். தன் மகனுக்காக அதுவரை அழாதவர், யாரென்றே தெரியாத இந்த மனிதரின் மகளுக்காக அழத்தொடங்கினார். இல்லை, என் மகள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்ல ஆவுடையப்பனுக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? சற்றுமுன்தானே அவளுக்குச் சங்கு ஊதவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். ஃபைல் கையிலிருந்து நழுவி விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

நீலக் கதவு திறந்தது. கோமதி வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரம், நெற்றியில் திருநீறு கலைந்திருந்தது, மூச்சு வாங்கியது. அவளை அப்படி உயிரோடு பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு ஒரு குழந்தையைப்போல அழுகை வந்தது.

"அப்பா, சவரியண்ணனும் டிரைவரும் தலைப்பக்கம் பிடிப்பாங்க. நீங்க என்கூடக் கால்பக்கம் பிடிங்க" என்றாள்.

"நான் முழுக்குப் போடணுமேம்மா."

"போடலாம்பா. நானும் தினமும் முழுகிட்டுத்தான வீட்டுக்கு வாரேன்."

அவர் எழுந்து போய்ப் பிடித்தார். வண்டியில் ஏற்றுமுன் பெரியவர் துணியை விலக்கி மகன் முகத்தைப் பார்த்தார். மீசை லேசாக முறுக்கிவிடப்பட்டிருந்தது. அவர் கோமதியைப் பார்த்தார், ஆவுடையப்பனைப் பார்த்தார், இவளா என்று கண்ணாலேயே கேட்டார். ஆவுடையப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அன்று வீட்டில் அவரே மகளுக்கு இலை போட்டார்.

கோமதி அன்றே வேலையில் சேர்ந்தாள். அவளுக்காகத் தெரு அதற்குப்பிறகு திரும்பியதே இல்லை. பிணவறை உதவியாளர் வேலையும் அரசாங்க வேலைதான், அதுவும் நிரந்தரம் என்ற செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் ஊருக்குள் பரவியது. பரவியதும் பாருங்கள், குடங்கள் இடுப்பு மாறவில்லை, பத்திரிகைகள் வீடு தாண்டவில்லை, பதினாறாம் நாள் பந்தியில் முதல் இலை அவளுக்கு. அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோர்கள் சிலர் பிள்ளைகளைக் காலையில் குளிப்பாட்டி, பாத்திரக்கடை முன்னால் இப்படியும் அப்படியுமாக நடக்கவிட்டுத் தெரு அசைகிறதா என்று பார்த்தார்கள்.

வெற்றிப்படி பயிற்சி மையத்தின் வாசலில் ஒருநாள் புது ஃபிளெக்ஸ் பேனர் ஏறியது. ‘எங்கள் வழிகாட்டலில் அரசுப் பணி வென்றவர்கள்’ என்று கொட்டை எழுத்து. நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாகக் கோமதியின் படம். இப்படி ஒரு பேனரைப் பார்க்கத்தான் ஆவுடையப்பன் அத்தனை வருஷம் தவம் கிடந்தார் என்பதால், அவர் வந்து பார்த்துப் பூரித்துப்போவார் என்று கடைத்தெருவே காத்திருந்தது. அவரும் வந்தார். டீக்கடையில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, பேனருக்கு முன்னால் போட்டு ஏறி, மடியிலிருந்து சவர பிளேடை எடுத்து, மகள் முகத்தைச் சுற்றி நிதானமாக அறுக்க ஆரம்பித்தார்.

லெட்சுமணப்பெருமாள் வெளியே ஓடிவந்தார். "அண்ணாச்சி, அண்ணாச்சி! என்ன செய்யுதிய? உங்களுக்குத்தான பெருமை!"

ஆவுடையப்பன் கடைசி ஓரத்தையும் அறுத்து முடித்தார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"எம்மவள உங்க வழியிலெல்லாம் அனுப்பினேன், லெட்சுமணா. அவ போகல. நல்லவேள, போகல" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.